பலகையில் பதினைந்து

பலகையை எழுதியவன் கினிகத்தேனைக்காரன்.
எனாமல் பெயின்ட், சிவப்பு எழுத்து.
"இருபது வருசத்துக்கு அழியாதுக்கா" என்றான்.
அழியவில்லை.
பிளேன்டி 15.
அதன் மேல்தான் நான் தாள் ஒட்டினேன்.

முதல் தாள் இருபது.
மகனின் கணக்குக் கொப்பியில் கிழித்தது,
கோதுமை மாப் பசை.
இருபத்தைந்தை ஒட்டும்போது
பழையதைப் பிய்க்கத் தோன்றவில்லை.
விலை இறங்கினால் மேல்தாளை உரித்தால் போதுமே
என்று ஒரு நினைப்பு.
முப்பது. நாற்பது.
பசைக்கு மா கரைக்க மனசு வராத மாதம்
சோற்றுப் பருக்கை.
ஐம்பது.

நோர்வூட் சந்தியில் என் கடை
ஆறடிக்கு எட்டடி.
எதிரே மலை முழுக்கத் தேயிலை.
கொழுந்து லொறி என் வாசலை உரசிக்கொண்டுதான் போகிறது.
எனக்கான தூளோ
அட்டனில் நிஸ்தார் நானாவிடமிருந்து பஸ்ஸில் வருகிறது,
ஒவ்வொரு தடவையும் பொட்டலம் கொஞ்சம் மெலிந்து.
விலையைச் சொல்லுமுன் நானா தொண்டையைச் செருமுவார்.
செருமலின் நீளத்திலேயே
எவ்வளவு கூடியிருக்கிறதென்று தெரிந்துவிடும்.

கேஸ் சிலிண்டர் மூலையில் வெறுமனே நிற்கிறது,
தலையில் தண்ணீர்க் குடத்தோடு.
கவ்வாத்து மலையில் மிலாறு பொறுக்கி எரிக்கிறேன்.
புகை பட்ட வடைக்குத் தனி வாசம் என்கிறான்
போகவந்தலாவை பஸ் கொண்டக்டர் பந்துல.
வடையின் அளவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை,
அது அவன் பெருந்தன்மை.
ரொட்டியை வெளிச்சத்துக்குப் பிடித்தால்
அந்தப் பக்கம் ரோட்டுத் தெரிகிறது.
சீனிக் கரண்டியின் தலையைக் கத்தியால் வழித்து விடுகிறேன்.
முதல் நாள் கை கூசியது.
இப்போது கூசுவதில்லை.
அதுதான் பயமாக இருக்கிறது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை.
நாலாம் நாள் விடியலில் கதவுப் பலகையைக் கழற்றினால்
தாளெல்லாம் ஒரே கட்டியாகக்
கானுக்குள் கிடக்கிறது.
ஐம்பது நாற்பது முப்பது
எது எதற்கு மேலென்று தெரியாமல் ஊறி.
மேலே,
துடைத்து வைத்த மாதிரி,
பிளேன்டி 15.

நான் பார்க்குமுன் ஞானஜோதி பார்த்துவிட்டாள்.
இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு,
மலைக்கு நேரமாகிற அவசரத்திலும் நின்று
"என்னாக்கா, கடை கைமாறிருச்சா?" என்றாள்.
கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.
இன்னாசி சிரிக்கவில்லை.
நேற்று அரைப்பேர் விழுந்தவன்.
காற்சட்டைப் பொக்கட்டைத் துழாவி
பத்து ரூபாய்க் குத்தி ஒன்று,
ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்று,
மேசையில் வைத்தான்.
பலகையைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.

பற்றுக் கொப்பியில் அவனுக்கு இரண்டு பக்கம்.
கேட்டிருந்தால் மூன்றாவதிலும் எழுதியிருப்பேன்.
அவன் கேட்கவில்லை.
காசு கொடுத்துக் குடிக்க வந்திருந்தான்.

ஊற்றினேன். முழுக் கப்.
கத்தியைத் தேடாமல் சீனி.
நிமிர்ந்தால்
ஞானஜோதியும் பதினைந்தை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
அவனுக்கு மட்டுந்தான் என்று சொல்ல
வாய் வரவில்லை.
சொல்லாமல் இருக்கவும் கட்டாது.
ஐந்து கப்.
ஆறாவதாகப் பந்துல வந்தான்.
தமிழ் வாசிக்கத் தெரியாது, இலக்கம் தெரியும்.
ஐம்பது ரூபாய்த் தாளைத் தந்துவிட்டு
கையை நீட்டியபடியே நின்றான்.
முப்பத்தைந்து மிச்சம் கொடுத்தேன்.

பஸ் போன பிறகு
மகனின் கொப்பியில் ஒரு தாள் கிழித்தேன்.
முந்தாநாள் நானா
நெடுநேரம் செருமியிருந்தார்.
60 என்று எழுதி,
பருக்கை தேய்த்து,
ஒட்டும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றேன்.
ஈரத் தாளுக்கு அடியில்
எனாமல் எழுத்தின் மேடு
கையில் தட்டுப்பட்டது.